ரஹ்மத் அக்கா சொல்லாமல் விட்ட கட்டளை

சென்ற மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, ஜுருவில் ஒரு பட்டறையில் முன்பக்கம் நசுங்கிப்போன காரைச் சுற்றி வந்து சேதத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருடங்களுக்கு மேலாகக் காப்பீட்டுக்காரர்களுக்கு நான் செய்துவரும் வேலை அது. கைத்தொலைபேசியில் நூர்ஜஹானின் பெயர் வந்தது. ரஹ்மத் அக்காவின் மகள். அந்த நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "மாமா, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றார். சுபுஹு தொழுதுவிட்டு எழுந்தவர், தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் காரின் விவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பினாங் பாலத்தைக் கடந்து, தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவுக்கு வண்டியை விட்டேன். போகும் வழியில் அழுகை வரவில்லை. இடது தொடையில் பழைய காயம் இருக்கும் இடம் மட்டும் வலித்தது.

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தில் அவரை அறியாதவர்கள் இல்லை. உங்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி இந்த ஊரே பேசியது. வீரப் பெண்மணி என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். அவரால் உயிர் பிழைத்தவனும் நான்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவது என் பொறுப்பு என்று நினைக்கிறேன். வசந்தா என்ற பெண்மணியைப் பற்றியும் இதில் வரும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரஹ்மத் அக்கா முதன்முதலில் எங்கள் முன் வந்து உட்கார்ந்தது, உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தபோது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு ஜார்ஜ் டவுனில் அவருடைய கணவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கணவர் வெளிநாட்டுப் பணம் மாற்றித்தரும் மணி சேஞ்சர் கடை வைத்திருந்தவர். ஒரு மத்தியானம் அக்கா சோற்றுக் கேரியரோடு கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். கணவர் பணப் பையை எடுத்துக் கொடுத்தார். பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் சுட்டான். குண்டு கழுத்தில் பாய்ந்தது. அக்கா தன் முக்காட்டை உருவி அந்த ஓட்டையில் திணித்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் பீறிட்டு வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் பிடித்திருந்தது ஒரு சடலத்தின் கழுத்தை. நாலு மாதம் கழித்து, அந்த இரண்டு பேரும் கெடாவில் போலீசாரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார்கள். அக்கா சவக்கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். அங்கே தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்டவர் துப்பாக்கி சுடக் கற்க வருகிறார் என்றால் எந்தச் செயற்குழுவும் பயப்படும். தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அக்கா தமிழில் பதில் சொன்னார். என்னைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொன்னார்.

"ஒரு மனுசன சுடறதுக்கு எவ்வளவு பலம் வேணும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

நான் மொழிபெயர்த்தேன். வாக்கெடுப்பில் எல்லாரும் மறுத்தோம். நானும் கை தூக்கினேன். பழி எண்ணத்தோடு இருப்பவர் கையில் ஆயுதம் கொடுக்க முடியாது என்று கடிதம் எழுதியதும் நான்தான்.

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் சிமெண்டுப் பலகையில், ஒரு ஃபிளாஸ்கோடு, ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருப்பார். உள்ளே வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய தோள் துள்ளும். முகம் வெளுத்துவிடும். ஒருமுறை சத்தம் தாங்காமல் வடிகாலின் ஓரம் குனிந்து வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். வாயைக் கழுவிவிட்டு மறுபடி அதே பலகையில் வந்து உட்கார்ந்தார். மழைக்காலம் முழுவதும் வந்தார். பல மாதங்கள் போனபின் ஒரு ஞாயிறு, தலைவர் வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தம் வரும்போது அவருடைய தோள் அசையவில்லை என்பதைக் கவனித்தாராம். அடுத்த கூட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

முதல் நாள் நான்தான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சாதாரண பாயிண்ட் டூ டூ பிஸ்டல். ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுத்தேன். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் காகிதக் குறி. அவர் கையை நீட்டி வெகுநேரம் நின்றார். விசையை இழுத்தார். குண்டு குறியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இழுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று கேட்டார். ஒரு கிலோ என்றேன்.

"ஒரு கிலோ பெரிய வெங்காயம் தூக்கற பலம் போதுமா தம்பி, ஒரு ஆளச் சாகடிக்க?"

கேட்டுவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த சில வருடங்களில் அவர் நன்றாகச் சுடக் கற்றார். ஆனால் போட்டிகளில் அவருக்கு ஆர்வம் வரவில்லை. ரேஞ்ச் ஆபீசர் பரீட்சை எழுதித் தேறினார். சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுப்பதும், ஒவ்வொரு துப்பாக்கியும் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அவருக்குப் பிடித்த வேலை. ஒல்லியான உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 'ஸ்டாப்' என்பார். பத்துப் பேரின் கைகளும் ஒரே நேரத்தில் தாழும். அடுத்த கட்டளை 'அன்லோட்'. தோட்டாக்களை வெளியே எடுத்துத் துப்பாக்கியைத் திறந்து வைக்க வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே அவர் ஒரு மூச்சுகூட விடமாட்டார். நிறுத்திய துப்பாக்கியில் தோட்டா இருந்தால் அது நிறுத்தியதே இல்லை என்பார்.

ஒரு வழக்கறிஞர் உறுப்பினராக இருந்தார். குறி சரியாகப் பட்ட சந்தோஷத்தில், கையில் தோட்டா போட்ட பிஸ்டலோடு அப்படியே பின்னால் திரும்பி நண்பரைக் கூப்பிட்டார். துப்பாக்கிக் குழாய் எங்கள் எல்லார் வயிற்றையும் ஒரு சுற்றுக் கடந்து வந்தது. அக்கா கையில் குறிச்சட்டத்தை மாட்டும் இரும்புக் கம்பி இருந்தது. அதை ஓங்கி அவருடைய மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வழக்கறிஞர் தரையில் உட்கார்ந்து அலறினார். அக்கா முதலில் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, அப்புறம்தான் அவருடைய கையைப் பார்த்தார். செயற்குழு விளக்கம் கேட்டபோது, கை உடைந்தால் ஒட்டும் என்று மட்டும் சொன்னார். வழக்குப் போடுவேன் என்று மிரட்டிய வழக்கறிஞர், கட்டு அவிழ்த்த பிறகு அவருக்கு ஒரு கூடை ரம்புத்தான் பழம் வாங்கி வந்தார்.

இனி நான் சேகரனைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் பெயரை எழுத எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

சேகரன் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருந்தவர். சின்னச் சின்னக் கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வார். சொந்தத்தில் ஒரு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் வைத்திருந்தார். அந்த உரிமத்தைப் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் சங்கத்தின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் பிஸ்டலை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். அந்த வருடம் அவர் ஆளே மாறிப்போயிருந்தார். இரண்டு முறை சுடும் கோட்டிலேயே பக்கத்து ஆளோடு சண்டை போட்டார். ஒருமுறை தோட்டாவோடு இருந்த பிஸ்டலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார். அக்கா தடுத்து, எழுத்தில் புகார் கொடுத்தார். கடிதம் தர முடியாது என்று முடிவு செய்தோம். அது சரியான முடிவு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் நான் அதைச் செய்த விதம் சரியில்லை. ஆண்டுக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அந்த முடிவை வாசித்தேன். சேகரன் எழுந்து காரணம் கேட்டார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் துப்பாக்கி விற்கிறார்கள், அதற்கு உரிமம் வேண்டாம் என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சேகரன் உட்காரவில்லை, வெளியே போகவும் இல்லை. நின்றபடியே இருந்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ரஹ்மத் அக்கா என்னிடம் வந்தார்.

"துப்பாக்கிய வாங்குங்க தம்பி, வேணாங்கல. சிரிச்சுக்கிட்டு வாங்காதீங்க."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. பத்து மணி இருக்கும். ஏழெட்டுப் பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் சத்தத்தை அடைக்கும் மூடி. கோட்டுக்குப் பின்னால் பதிவேட்டோடு மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். சேகரன் வந்தார். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். உரிமம் முடியப்போகிறது, பிஸ்டலை ஒப்படைக்க வந்தேன் என்றார். பையை மேசைமேல் வைத்துத் திறந்தார். நான் பதிவேட்டில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.

முதல் குண்டு என் இடது தொடையில் பாய்ந்து எலும்பை உடைத்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். வலி உடனே வரவில்லை. கால் யாரோ இன்னொருவருடையதுபோல வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. பிறகு வலி வந்தபோது கத்தினேன். யாரும் திரும்பவில்லை. ரேஞ்சில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யார் திரும்புவார்கள்? எனக்கு ஐந்து மீட்டர் தள்ளி நின்று அவர்கள் தங்கள் காகிதக் குறிகளைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது குண்டு என் காதருகே சிமெண்டைப் பெயர்த்துச் சிதறடித்தது. அந்தத் துகள்கள் இன்னும் என் கன்னத் தோலுக்குள் இருக்கின்றன.

அக்கா ஒருவர்தான் திரும்பினார். முன்னால் வரவேண்டிய சத்தம் பின்னால் வந்தது என்று பிறகு சொன்னார். திரும்பிப் பார்த்தவர், 'ஸ்டாப்' என்று கத்தினார். வழக்கமான குரல். சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் பிஸ்டலைப் பலகையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். சேகரனின் கைகூட ஒரு கணம் தாழ்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில் அக்கா மூன்றாவது லேனின் பலகையிலிருந்த பிஸ்டலை எடுத்துக்கொண்டார்.

"சேகர், கீழ வைங்க."

சேகரன் அவரைப் பார்க்காமல் என் தலைக்கு நேராகக் குழாயை இறக்கினார். அக்கா அதே வார்த்தைகளை இன்னொரு முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்தது. சேகரனின் விரல் வெளுப்பதை நான் பார்த்தேன். அக்கா இரண்டு முறை சுட்டார். ஒன்று நெஞ்சில், ஒன்று கழுத்தில்.

சேகரன் என்மேல் விழுந்தார். அவருடைய எடை என் உடைந்த காலில் இறங்கியது. அவர் கழுத்திலிருந்து வந்த ரத்தம் என் வாய்க்குள் போனது. சூடாக இருந்தது. அக்கா ஓடி வந்து அவரைப் புரட்டிப் போட்டார். தன் முக்காட்டை உருவி அவர் கழுத்தில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினார். சேகரனுக்கு நினைவு இருந்தது. "அக்கா, வலிக்குது" என்றார். "வலிக்கும்லா. மூச்ச விடுங்க. விட்டுக்கிட்டே இருங்க" என்றார் அக்கா. சேகரன் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து ஊழியர்கள் கையை எடுக்கச் சொல்லும்வரை அக்கா எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகரனின் மூச்சு நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத முடியாது.

போலீசார் ரேஞ்சைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆறு மாதம் விசாரணை. பிறர் உயிரைக் காக்கச் சுட்டதால் அக்கா மேல் வழக்கு இல்லை என்று முடிவானது. அந்த விசாரணையில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் இளம் இன்ஸ்பெக்டர். எங்கள் நடைமுறையை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்திருந்தார். 'ஸ்டாப்' என்று சொன்னீர்கள், 'அன்லோட்' என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும் என்று அவரே ஒரு பதிலையும் எடுத்துக்கொடுத்தார். அதற்கு ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அக்காவோ வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றார். தோட்டா உள்ள ஒரு துப்பாக்கி தனக்குத் தேவைப்படும் என்று அந்தக் கணமே தெரியும் என்றார். இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மருத்துவமனையில் என் காலில் இரும்புத்தகடு வைத்து ஆறு வாரம் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா தினமும் மத்தியானம் வருவார். கஞ்சி கொண்டுவருவார். நன்றி சொல்ல நான் வாயைத் திறந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒருநாள் நான் விடாமல் சொன்னபோது, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"உங்கள காப்பாத்தத்தான் சுட்டேனா, இல்ல சுடணும்னு சுட்டேனா, எனக்கே தெரியல தம்பி. அவுக போன நாள்லேருந்து இந்தக் கை காத்துக்கிட்டுல்ல இருந்துச்சு."

பழத்தை உரித்து முடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பாராட்டு விருந்து வைக்கச் சங்கம் ஏற்பாடு செய்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரேஞ்ச் ஆபீசர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. சங்கத்தை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. சங்கத்தின் வரலாற்றை நூலாக எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அலுவலக அலமாரியில் இருந்த பழைய ஆங்கில நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துவைத்து, நூர்ஜஹானின் உதவியோடு எழுத்துக்கூட்டி வாசித்தார். மலையடிவாரத்தில் இந்த ரேஞ்சை வெட்டியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். குறிகளுக்குக் கீழே குழியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் காகிதம் மாற்றி ஒட்டியவர்கள் தமிழ்க் கூலிகள். ஒரு போட்டியின்போது சத்தம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கிய ஒரு கூலியின் மண்டையில் குண்டு பாய்ந்தது. குறிப்பில் அதற்கு ஒரே வரி. போட்டி கால் மணி நேரம் தாமதமானதாக எழுதியிருக்கிறது. அந்த ஆளின் பெயர் இல்லை. வென்றவரின் பெயர் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், குண்டு தாங்கும் அந்த மண்மேட்டின் முன்னால் ஆட்களை நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். சண்டை முடிந்து மேட்டைத் திருத்தக் கொத்தியபோது ஈயக் குண்டுகளோடு விலா எலும்புகளும் வந்தன. அவற்றை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நாம் இத்தனை வருடம் புள்ளி எடுத்துக் கைகொட்டியது அந்த மேட்டை நோக்கித்தான்.

நூலின் கடைசியில் அக்கா ஒரு பக்கம் கேட்டார். இந்த ரேஞ்சில் குண்டு பட்டுச் செத்தவர்களின் பட்டியல். பெயர் தெரியாதவர்களைப் பெயர் தெரியாதவர் என்றே போடுங்கள் என்றார். அதில் கடைசிப் பெயர் சேகரன். செயற்குழுவில் வாதம் நடந்தது. அக்கா சுவரில் இருந்த வெற்றியாளர்களின் பலகையைக் காட்டி, "சுட்டவங்க பேரெல்லாம் பொன் எழுத்துல இருக்கு. சுடப்பட்டவங்க பேரு ஒரு காகிதத்துல இருக்கக் கூடாதாலா?" என்று கேட்டார். வாக்குகள் சமமாகப் பிரிந்தன. என் வாக்கு மிச்சம் இருந்தது. ஊன்றுகோலோடு நின்றுகொண்டு, என்னைக் கொல்ல வந்தவனுக்கு என் சங்கத்தின் நூலில் இடம் கிடையாது என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்றார். நூல் அந்தப் பக்கம் இல்லாமல் வெளிவந்தது. உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

பாலிக் புலாவில் அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். நூர்ஜஹான் உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் காட்டினார். வாய் இறுக்கமாக மூடியிருந்தது, உயிரோடு இருந்தபோது போலவே. ஆண்கள் மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். நான் நொண்டிக்கொண்டு கபர்ஸ்தான்வரை போய், எல்லாரும் மண் போட்ட பிறகு ஒரு பிடி போட்டேன். திரும்பி வந்தபோது, வீட்டுக்கு முன்னால் இருந்த கொட்டகையில் நெற்றியில் திருநீறோடு ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், விசாரணையில். சேகரனின் மனைவி வசந்தா.

நான் வேறு பக்கம் போகப் பார்த்தேன். அவர்தான் பேசினார்.

"அக்கா ஒவ்வொரு வருசமும் அவரு திதிக்கு வந்துருவாங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. முதல் வருடம், அடுக்குமாடி வராந்தாவில் இரும்புக் கதவுக்கு வெளியே அக்கா வந்து நின்றிருக்கிறார். வசந்தா கதவைத் திறந்து விளக்குமாற்றை எடுத்து அடித்தார். முகத்திலும் தோளிலும் அடித்தார். அக்கா தடுக்கவில்லை. அடித்த கை ஓய்ந்ததும், வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது வருடம் வசந்தா கதவைத் திறக்கவில்லை. அக்கா ஒரு மணி நேரம் நின்றார். மூன்றாவது வருடம் திறந்தார். உள்ளே வந்து உட்கார்ந்த அக்கா, சேகரன் கடைசியாக என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். வசந்தா ஆமாம் என்றார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாராம். கோவிட் வருடம் வர முடியாமல் தொலைபேசியில் பேசினாராம். படையலிட்டதை அவர் சாப்பிட மாட்டார் என்பதால், படைப்பதற்கு முன்பே அவருக்கென்று ஒரு தட்டில் சோறும் வாழைக்காய்க் கறியும் தனியாக எடுத்துவைத்துவிடும் வழக்கம் வசந்தாவுக்கு வந்துவிட்டது.

"இந்த வருசம் அடுத்த வாரம் வருது. நீங்க வாங்களேன்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லி எழுந்தேன். அவர் வற்புறுத்தவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை போனேன். எட்டாவது மாடி. மின்தூக்கியிலிருந்து வராந்தாவின் கோடிவரை நடக்கும்போது இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றேன். கதவு திறந்தே இருந்தது. வசந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கூட்டத்தில் சேகரனைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னேன். பிளாஸ்டிக் துப்பாக்கி என்று நான் சொன்னதையும் சொன்னேன். வசந்தாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார் என்றார். பிறகு இலை போட்டார். நான் சாப்பிட்டேன்.

சங்கத்தின் நூலில் நான் தடுத்த பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன். குழியில் குறி ஒட்டியவர், பெயர் தெரியாதவர். மண்மேட்டின் முன்னால் நிறுத்திச் சுடப்பட்டவர்கள், பெயரும் எண்ணிக்கையும் தெரியாதவர்கள். சேகரன்.

ரஹ்மத் அக்கா எனக்கு விட்டுப்போனது என் உயிர் என்று அடக்கத்தில் பலரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் வசந்தாவின் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்கு நேர் எதிரே என் இலை இருந்தது. ஏழு வருடமாக நான் அறிந்தது குழாய்க்குப் பின்னால் தெரிந்த ஒரு முகத்தை மட்டும். படத்தில் இருந்தவர் வேட்டி கட்டி, ஒரு பக்கம் தலை சாய்த்து, யாரோ சொன்ன எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்ததில் அந்த முகமும் ஒன்று. இனி அதுவும் என்னோடு இருக்கும்.